ஓடத்துறையில் ஓடம் எங்கே? காவிரியைக் கடந்தவர்களின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு ஊர்ப்பேர்ல இருந்து தொடங்குது.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல ஏறி ஸ்ரீரங்கம் போறீங்கன்னு வச்சுக்குங்க. அண்ணா சிலை தாண்டி, காவிரிப் பாலத்துல ஏறுறதுக்கு முன்னாடி, ஆத்தங்கரையை ஒட்டி ஒரு பகுதி வரும். பேரு ஓடத்துறை. ஓடம் வந்து நிக்கிற துறை. ஆனா இன்னைக்கு அங்க இருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஓடம் போறதில்ல. பாலம் இருக்கு, பாலத்து மேல பஸ் இருக்கு, கீழ ஆறு இருக்கு. பேர் மட்டும் பழசாவே நின்னுபோச்சு.

இதோட சேர்த்து இன்னொரு கேள்வி. ஆலப்புழைக்குப் போனா ஹவுஸ்போட்ல ஏறி ஏரியில ஊர் ஊரா சுத்தலாம். ஐரோப்பாவுல சொந்தப் படகை எடுத்துக்கிட்டு, ஏரிக்கரைச் சின்ன ஊர்கள்ல ராத்திரிக்கு ஒரு ஊர்னு தங்கிப் போறவங்க வீடியோவும் நிறைய பார்த்திருப்பீங்க. அப்போ நம்மகிட்ட இவ்வளவு பெரிய காவிரி இருக்கே, கரூர் பக்கம் ஏறி முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை, திருவையாறு, கும்பகோணம்னு ஏன் படகுலயே போக முடியல?

நல்ல கேள்விதான். அதுக்குப் பதில் தேடிப் போனா, திருச்சில படகுங்கிறது பெரும்பாலும் ஆத்தோட போறதுக்கு இருந்ததில்ல, ஆத்தைத் தாண்டறதுக்கு இருந்ததுன்னு தெரியுது. அந்தத் தாண்டலை யார் கையில வச்சிருந்தாங்கங்கிறதுதான் நம்ம கதை.

ரெண்டு ஆத்துக்கு நடுவுல

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்குவோம். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர்ல முக்கொம்பு. அங்க காவிரி ரெண்டாப் பிரியுது. தெற்கே போறது காவிரி, வடக்கே போறது கொள்ளிடம். கிழக்கே கல்லணைகிட்ட ரெண்டும் மறுபடி கிட்டத்தட்ட தொட்டுக்கிற அளவுக்கு நெருங்குது. நடுவுல இருக்கிற நீளமான தீவுலதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். அதாவது தெற்கே திருச்சிக்கு வரணும்னா காவிரியைத் தாண்டணும், வடக்கே சமயபுரத்துக்குப் போகணும்னா கொள்ளிடத்தைத் தாண்டணும்.

கோடையில இது பெரிய விஷயமே இல்ல. தண்ணி வத்தி மணல் தெரியும், நடந்தே போயிடலாம். பங்குனில நம்பெருமாள் ஸ்ரீரங்கத்துல இருந்து காவிரி தாண்டி, உறையூர்ல கமலவல்லி நாச்சியாரைப் பார்க்கப் போற திருவிழா நடக்குதே, அதுவும் ஆத்துல தண்ணி குறையற காலத்துலதான். ஆனா குடகுல தென்மேற்குப் பருவமழை பிடிச்சதுன்னா கதை மாறிடும். 1934-ல மேட்டூர் அணை கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி, ஆத்துல எப்போ எவ்வளவு தண்ணி வரும்னு தீர்மானிச்சது மழை மட்டும்தான். அந்த மாசங்கள்ல ஓடம் இல்லைன்னா தீவுல இருக்கிறவங்க தீவுலதான்.

கண்ணகி ஏறிய படகு

இந்த இடத்துல காவிரியைத் தாண்டினவங்கள்ல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச மூணு பேர் இருக்காங்க. கண்ணகி, கோவலன், கூடவே கவுந்தியடிகள்.

சிலப்பதிகாரத்துல நாடுகாண் காதைன்னு ஒரு பகுதி. பூம்புகாரை விட்டுக் கிளம்பி, காவிரியோட வடகரையிலயே மேற்கே நடந்து வர்றாங்க. கண்ணகிக்கு நடந்து பழக்கமில்லாததால நாளுக்குக் கொஞ்ச தூரம்தான். அரங்கத்துக்கு, அதாவது நம்ம ஸ்ரீரங்கத்துக்கு, வந்து சேர்ந்த பிறகு அங்க இருந்து படகு ஏறித் தென்கரைக்கு வர்றாங்க. அந்தப் படகை இளங்கோவடிகள் நீரணி மாடம்னு சொல்றார். தண்ணி மேல அலங்காரமா நிக்கிற மாடம் மாதிரியான படகு. தென்கரையில இறங்கி ஒரு சோலையில உட்கார்ந்திருக்கும்போது ரெண்டு பேர் வந்து கோவலன் கண்ணகியைக் கேலி பண்றதும், கவுந்தியடிகள் அவங்களை நரியாப் போகச் சபிக்கிறதும் இதுக்கு அடுத்து வர்ற காட்சி. அப்புறம் உறையூர்.

காப்பியத்துல வர்றதை அப்படியே நடந்த சம்பவமா எடுத்துக்க முடியாது. ஆனா ஒரு கவிஞர் போறபோக்குல சொல்ற விஷயங்கள்ல அந்தக் காலத்து வழக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அரங்கத்துல இருந்து உறையூர்க் கரைக்குப் படகுல வர்றது, வாசகருக்கு விளக்கமே தேவைப்படாத சாதாரண விஷயமா அவருக்கு இருந்திருக்கு. இதே காப்பியத்துல மதுரைகிட்ட வைகை வரும்போது, குதிரை முகம், யானை முகம், சிங்க முகம் வச்ச படகுகள் ஓடற பெரிய துறையை விட்டுட்டு, அவங்க ஒரு மரப்புணைல, அதாவது கட்டுமரம் மாதிரியான தெப்பத்துல, தாண்டறாங்க. ஆக, ஆத்தைத் தாண்டறதுலயே பெரிய துறை, சின்னத் துறை, அலங்காரப் படகு, வெறும் மரம்னு அந்தஸ்து வித்தியாசம் இருந்திருக்கு.

சரி, ஆத்தோட போற படகு? பட்டினப்பாலையில உப்பை வித்து நெல்லை ஏத்திக்கிட்டு வந்த படகுகள் வருது. ஆனா அது காவிரிப்பூம்பட்டினம், கடலோரம், கழிமுகம். தண்ணி ஆழமா, அசையாம நிக்கிற இடம். திருச்சியில காவிரி அப்படி இல்ல. அகலம் ஜாஸ்தி, ஆழம் கம்மி, அடியில மணல். இன்னைக்கு ஆழமா இருக்கிற இடம் அடுத்த வெள்ளத்துக்கு அப்புறம் மணல் திட்டா இருக்கும்.

முன்னும் இல்ல, பின்னும் இல்ல

இந்த மாதிரி ஆத்துக்குன்னே பொறந்த வாகனம்தான் பரிசல். மூங்கிலைக் கூடை மாதிரி வட்டமாப் பின்னி, அடியில தோலைப் போர்த்திடுவாங்க. இப்போ தோலுக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். வட்டமா இருக்கறதால முன்பக்கம், பின்பக்கம்னு எதுவும் கிடையாது. முழங்கால் அளவு தண்ணியிலயும் மிதக்கும். பாறையில மோதினா வளைஞ்சு கொடுக்கும். ஒகேனக்கல்ல ஏறியிருந்தா சுத்திச் சுத்திப் போறது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதோட பெரிய பலவீனம், ஓட்டத்தை எதிர்த்துத் தூரமாப் போக முடியாது. கீழ்நோக்கிப் போகலாம், இல்ல குறுக்கே போகலாம். திரும்பணும்னா தலைமேல கவுத்துக்கிட்டு கரையோரமா நடக்க வேண்டியதுதான். 1911-ல வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம், காவிரி முழுக்கப் படகுப் போக்குவரத்துன்னு இருக்கிறதே இந்தக் கூடைப் படகுகள்தான்னு ஒரே வரியில முடிச்சிடுது. குடகுல இருந்து வங்கக் கடல் வரைக்கும் 800 கிலோமீட்டர் ஓடற ஆறு, அதுல கப்பல் இல்ல, பாய்மரம் இல்ல, கூடைதான்.

ஆலப்புழைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கேரளாவுல இன்னைக்கு ஹவுஸ்போட்டா சுத்தற கெட்டுவள்ளம், முன்னாடி நெல்லும் மிளகும் ஏத்திப் போன சரக்குப் படகு. வேம்பநாட்டு ஏரியும் காயல்களும் ஆழமில்லாட்டியும் நின்ன தண்ணி, வருஷம் முழுக்க இருக்கும். அதனால கரை ஊர்கள் தண்ணியாலயே ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வளர்ந்துச்சு. காவிரிக் கரை ஊர்களைக் கோத்தது கரையோரச் சாலை.

கொள்ளிடம்ங்கிற பேர்

இப்போ வடக்குப் பக்க ஆத்துக்கு வருவோம். கொள்ளிடம்ங்கிற பேருக்கு ஒரு நேரடியான விளக்கம் உண்டு. காவிரியில மிஞ்சற வெள்ளத்தைக் கொள்ளும் இடம். இன்னைக்கும் அதோட வேலை அதுதான். ஆனா ஸ்ரீரங்கத்துல சொல்லப்படற இன்னொரு கதை இருக்கு.

வைணவ குருபரம்பரைக் கதைகள்ல வர்றது. திருமங்கையாழ்வார் ஸ்ரீரங்கத்துல மதில் எழுப்பறார். வேலை முடிஞ்சதும் ஆட்கள் கூலி கேக்கறாங்க. கையில காசு இல்ல. அக்கரையில பொருள் இருக்கு, வாங்கன்னு எல்லாரையும் ஓடத்துல ஏத்தி, நடு ஆத்துல ஓடத்தைக் கவுக்கச் சொல்றார். கொன்ன இடம், அதனால கொள்ளிடம்னு ஊர்ல சொல்லுவாங்க. செத்தவங்களோட சொந்தக்காரங்க வந்து கேக்கும்போது, நாங்க அரங்கனோட திருவடியில சுகமா இருக்கோம்னு அவங்க குரலே கேட்டதாக் கதை முடியுது.

பக்தர்களுக்கு இதோட அர்த்தம் மோட்சம். கூலியாட்களுக்குக் காசை விடப் பெருசு கிடைச்சதுங்கிறது. அது அவங்க நம்பிக்கை, அதுக்குள்ள நாம போக வேண்டாம். வரலாற்று ஆதாரமாவும் இதை எடுத்துக்க முடியாது. ஆனா இந்தக் கதை புரியணும்னா, கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம் ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும். ஓடத்துல காலை வச்சுட்டா உன் உயிர் துடுப்புப் பிடிச்சவன் கையில. சம்பளம் கேட்டு வந்தவன் கரையில நிக்கிற வரைக்கும் சண்டை போடலாம், நடு ஆத்துல முடியாது. வெள்ளக் காலத்துல ஆத்தைத் தாண்டின ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்தப் பயம் தெரிஞ்சிருக்கும். அதனாலதான் கதை இவ்வளவு நாள் நின்னுதுன்னு நான் நினைக்கிறேன்.

1752: தீவே பொறியா மாறின கதை

அடுத்தது கதை இல்ல, போர். கர்நாடக நவாப் பதவிக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறாங்க. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள, அவருக்குப் பின்னால ஆங்கிலேயக் கம்பெனி. வெளியில முற்றுகை போட்டிருக்கிறது சந்தா சாகிப், அவருக்குப் பின்னால பிரெஞ்சுக்காரங்க. பிரெஞ்சுப் படைக்குத் தளபதி ழாக் லா.

1752-ல ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும் ராபர்ட் கிளைவும் உதவிப் படையோட திருச்சிக்கு வந்து சேர்ந்ததும், லா ஒரு முடிவு எடுக்கறார். தென்கரையை விட்டுட்டு ஸ்ரீரங்கம் தீவுக்குள்ள போயிடலாம். கணக்கு சரியாத்தான் தெரியுது. ரெண்டு பக்கமும் ஆறு, உள்ள உயரமான மதில்கள் இருக்கிற கோயில். இதை விடப் பாதுகாப்பான இடம் ஏது?

ஆனா தீவுக்குள்ள சாப்பாடு வெளியில இருந்துதான் வரணும். அப்போ 26 வயசு கிளைவ் ஒரு படையோட கொள்ளிடத்துக்கு வடக்கே போய் சமயபுரத்துல உட்கார்ந்துக்கறார். பாண்டிச்சேரியில இருந்து வர்ற வழி அதுதான். லால்குடியில இருந்த தானியக் கிடங்கு கைமாறுது. அப்புறம் கொள்ளிடத்தோட வடகரையில இருக்கிற பிச்சாண்டார்கோயிலையும் ஆங்கிலேயப் படை பிடிச்சிடுது. நீங்க உத்தமர்கோயில்னு சொல்றீங்களே, அதே இடம். அதோட வடக்கே தாண்டற வழி அடைபட்டுச்சு. தெற்கே காவிரிக்கு அந்தாண்டை திருச்சிக் கோட்டை. உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படையும் வழியிலயே, வாலிகண்டபுரத்துல, சரணடைஞ்சிடுது.

1752 ஜூன்ல லா சரணடைஞ்சார். தஞ்சாவூர்ப் படைத் தளபதியை நம்பி வெளியே போன சந்தா சாகிப் தலை வெட்டப்பட்டார். தென்னிந்தியாவுல யார் ஆளப் போறாங்கங்கிற கேள்விக்கு இந்தத் தீவு ஒரு பெரிய பதில் சொல்லிடுச்சு. மதிலை யாரும் இடிக்கல. தாண்டற துறைகளைப் பிடிச்சாங்க, அவ்வளவுதான். ஆறு உங்களைக் காப்பாத்தறதும் அடைச்சு வைக்கறதும், துறை யார்கிட்ட இருக்குங்கிறதைப் பொறுத்தது.

காட்டன் போடாத கால்வாய்

இப்போ நம்ம படகுப் பயணக் கேள்விக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டுல இதுக்கு ஒரு வாய்ப்பு வந்த மாதிரி இருந்துச்சு. ஏன்னா காவிரிக்கு வந்த எஞ்சினியர் ஆர்தர் காட்டன். இந்தியாவுக்கு ரயிலை விடக் கால்வாயும் படகும்தான் மலிவுன்னு பிற்காலத்துல லண்டன் வரைக்கும் போய் வாதாடின மனுஷன்.

அவர் இங்க வந்தப்போ பிரச்சினை வேற. கொள்ளிடம் தாழ்வா இருக்கறதால தண்ணி அந்தப் பக்கம் ஓடிடுது, காவிரி மணல் மூடுது, தஞ்சாவூர் வயல் காயுது. 1836-ல முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை வேலை தொடங்குச்சு. கீழே அணைக்கரையில கீழணை. மணல்ல அஸ்திவாரம் போடற வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டோம்னு பிற்காலத்துல அவரே எழுதியிருக்கார்.

அதுக்கப்புறம் அவர் கோதாவரிக்குப் போனார். அங்க தவளேஸ்வரம் அணையோட புதுசா வெட்டின கால்வாய்கள்ல, தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கற மதகுப்பூட்டு வச்சு, படகும் போற மாதிரி செஞ்சாங்க. கோதாவரி டெல்டாவுல படகுப் போக்குவரத்து செழிப்பா நடந்துச்சு. நம்ம ஊர்லயே கிழக்குக் கடற்கரையில, சென்னை வழியா மரக்காணம் வரைக்கும் பக்கிங்காம் கால்வாய்ல உப்பும் விறகும் மனுஷங்களும் படகுல போனாங்க.

காவிரிக்கு ஏன் அது வரல? இங்க வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறுன்னு நூற்றாண்டுகளா வயலுக்குன்னே பிரிஞ்சு பிரிஞ்சு போற வலை ஏற்கனவே இருந்துச்சு. அந்தத் தண்ணி ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வயல் காத்திருந்துச்சு. படகு மிதக்கணும்னா ஆத்துல தண்ணி நிக்கணும், நெல்லு விளையணும்னா தண்ணி ஆத்தை விட்டு வெளிய போகணும். காவிரி ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்த ஆறு. அணைகள் வேற நடுவுல நடுவுல குறுக்கே நின்னுச்சு. இதுக்கிடையில நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூருக்கு 1861-ல ரயில் வந்துச்சு, 1862-ல திருச்சிக்கே வந்துடுச்சு. அப்புறம் படகுக் கால்வாயைப் பத்தி யார் யோசிப்பாங்க?

பாலம் வந்த பிறகு

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவுல காவிரிக்கு முதல் பாலம் வந்தது 1849-ல. அந்த நாள்ல இருந்து துறையில காத்திருக்கிற வேலை மெல்ல மெல்லக் குறைஞ்சது. ராத்திரி பிரசவ வலின்னா கூட அக்கரைக்குப் போகலாம். ஓடக்காரர் வரட்டும், வெள்ளம் வடியட்டும்னு நிக்க வேண்டாம். பழசு எல்லாம் அழகுன்னு பேசறதுக்கு முன்னாடி இதை நாம நினைச்சுப் பார்க்கணும். மத்த ஊர்களுக்கு இந்த வசதி ரொம்ப லேட்டாதான் வந்துச்சு. பாலம் இல்லாத இடங்கள்ல படகுத்துறை தொடர்ந்துச்சு. 1890-ல சென்னை மாகாண அரசு கால்வாய்களுக்கும் பொதுப் படகுத்துறைகளுக்கும் தனிச் சட்டமே போட்டு, துறைகளையும் கட்டணத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்துச்சு.

1849 பாலத்துக்குப் பதிலா வந்ததுதான் 1976-ல திறந்த, நாம இன்னைக்குப் போற பாலம். 2022-ல பழுது பார்க்கறதுக்காக அதை மூடினாங்க. 2023 மார்ச்ல திறக்கற வரைக்கும் வண்டிகள் தேசிய நெடுஞ்சாலைப் பாலம் வழியா சுத்திப் போச்சு. அந்த மாசங்கள்ல ஸ்ரீரங்கத்துல இருந்து திருச்சிக்குக் காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனவங்களுக்குத் தீவுல இருக்கறதுன்னா என்னன்னு புரிஞ்சிருக்கும். அப்புறம் பக்கத்துலயே புதுப் பாலம் கட்டற வேலையும் தொடங்குச்சு.

வடக்கே கொள்ளிடத்துல 1928-ல கட்டின இரும்புப் பாலம் இருந்துச்சு. பக்கத்துல புதுப் பாலம் வந்துட்டதால அதுல வண்டிகள் போறது நின்னிருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல அதோட தூண்கள் சாய்ஞ்சு ஒரு பகுதி ஆத்துக்குள்ள விழுந்துச்சு. சில நாள்லயே முக்கொம்பு மேலணையில 45 ஷட்டர்ல 9 அடிச்சிட்டுப் போச்சு. வெள்ளம் மட்டும் காரணமில்ல, ஆத்துல வரம்பில்லாம மணல் அள்ளினதும் காரணம்னு விவசாயிகள் அப்பவே சொன்னாங்க. மணல் போனா ஆத்தோட அடிமட்டம் இறங்கும், தூணைப் பிடிச்சிருக்கிற மண் கரையும்.

இங்கதான் எனக்கு இந்த வரலாறு இன்னைக்கும் முக்கியமாப் படுது. ஓடத்துல போனவங்களுக்கு ஆத்தைத் தெரியும். எங்க ஆழம், எங்க சுழல், எந்த மாசம் எந்தத் திட்டு வெளிய வரும்னு ஓடக்காரர் சொல்லுவார், ஏறினவங்க கேட்டுப்பாங்க. அது அவங்களோட உயிர்ப் பிரச்சினை. பாலத்துல போற நமக்கு ஆறு ரெண்டு நிமிஷம். மணல் லாரி போனாலும் சாக்கடை கலந்தாலும் ஜன்னல் வழியா ஒரு பார்வை, அதோட ஸ்ரீரங்கம் வந்துடும். ஆனா பாலமும் அதே மணல்லதான் நிக்குது. தாண்டற உரிமையை ஓடக்காரர்கிட்ட இருந்து வாங்கிட்டோம், சரி. அதை இப்போ ஆத்தோட அடிமட்டத்துகிட்ட ஒப்படைச்சிருக்கோம், அதை யார் தோண்டறாங்கன்னு கவனிக்காம.

அதனால காவிரியில படகுச் சுற்றுலா வருமான்னு கேட்டா, முக்கொம்பு மாதிரி தண்ணி தேங்கற இடத்துல ஒரு மணி நேரச் சவாரி வைக்கலாம், கரூர்ல இருந்து கும்பகோணம் வரைக்கும் ஒரு பயணம் நடக்காது. நடக்கணும்னு ஆசைப்படறதும் வயல் தண்ணியைக் கேக்கற மாதிரிதான். அதை விடச் சுலபமா நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை பாலத்துல போகும்போது, தூணுக்குக் கீழ மணல் எந்த அளவுல இருக்குன்னு பாருங்க. அடுத்த வருஷமும் பாருங்க. இறங்கியிருந்தா, சும்மா இருக்காம நாலு பேர்கிட்ட சொல்லுங்க.

உங்க ஊர்லயும் துறைன்னு முடியற தெருவோ பேட்டையோ இருந்தா, அந்தத் துறையில என்ன வந்து நின்னுதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.